இந்திராணி வீட்டு ஹெர்னியா

ஹெர்னியான்னு சொல்லியாச்சு. தெருவே நம்பியாச்சு. பழம் வந்துச்சு, ரொட்டி வந்துச்சு, ஹார்லிக்ஸ் பாட்டில் வந்துச்சு, எல்லாத்தையும் தின்னும் ஆச்சு. அப்படியே ஹெர்னியாவா இருந்துட்டுப் போவறதுக்கு எங்கண்ணனுக்கு இன்னா கேடு, நீங்களே சொல்லுங்கக்கா!

உக்காருங்க மொதல்ல. தலைக்கு மேல நின்னுக்கினு இருந்தா எனக்குப் பதட்டம் வரும், முடிச்சு கோணிக்கும். எங்கருந்து வரீங்க, ஓரிக்கையா? முகூர்த்தம் எப்போ? நாளைக்கா! நல்லா இருக்குதே. நாளைக்கு முகூர்த்தத்த வச்சிக்கினு இன்னிக்கு முந்தானைய தூக்கிக்கினு ஓடியாரீங்களே, இந்த நூலு தொங்கறது நேத்து வரைக்கும் கண்ணுல படலியா? சரி சரி, மூஞ்சிய சுருக்காதீங்க. போட்டுத் தரேன். குச்சு கட்டறதுல இந்த காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல என் கைய அடிச்சிக்க ஆளு கெடையாது. பதினொண்ணாவது பாதியில வுட்டுட்டு வந்தவதான். கெமிஸ்ட்ரி எனக்குப் புடிக்கல, கெமிஸ்ட்ரிக்கு என்னைப் புடிக்கல. ரெண்டு பேரும் சண்ட இல்லாம பிரிஞ்சிட்டோம். ஆனா வெரலு நிக்கும். அவசரப்படுத்தாம இருந்தா போதும்.

இன்னா? யாருக்கு ஹெர்னியாவா? அதத்தான் சொல்ல வரேன். யாருக்குமே இல்ல. அதுதான் பிரச்சினையே.

எங்கண்ணன் பேரு தேவேந்திரன். எங்க வீட்டுல ரெண்டும் பொண்ணுன்னுதான் எல்லாரும் நெனச்சிக்கினு இருந்தாங்க. மூத்தது மட்டும் அப்படி நெனைக்கல. சின்னதா இருக்கசொல்லவே பாவாட போட்டா அழுவுமாம், ஜட்டியோட தெருவுல ஓடுமாம். அப்புறம் பெருசாச்சு, காலேஜு போச்சு, சென்னைக்குப் போச்சு, டாக்டருங்கள பாத்துச்சு, ஊசி போட்டுக்கினான், கொரலு ஒடஞ்சுது, மீச வந்துச்சு. பாத்தீங்களா, ‘போச்சு’ன்னு ஆரம்பிச்சு ‘போட்டுக்கினான்’னு முடிக்கறேன். எங்க வீட்டுல நடந்ததும் அதேதான், பாதி வழியில வார்த்தைய மாத்திக்கினோம்.

பழைய பேரு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். சொன்னா பாத்திரம் தேய்க்கணும். அவன் போட்ட சட்டம். வாய் தவறி ‘அக்கா’ன்னு கூப்ட்டாலும், பழைய பேர சொன்னாலும், அன்னிக்கு ராத்திரி பாத்திரம் மொத்தமும் அவங்க தேய்க்கணும். ஆரம்பத்துல எங்கப்பாதான் ஜாஸ்தி தேய்ச்சாரு. கைலாசம்னு பேரு, பெரிய தறிக்காரரு, கோர்வை சேலைல அவரு கை பட்டா கரையும் ஒடம்பும் சேர்ற எடம் தெரியாதும்பாங்க. அவரு ராத்திரி பத்து மணிக்கு இட்லி குண்டான் சொரண்டிக்கினு இருப்பாரு. அதுலதான் கத்துக்கினாரு. எனக்கு இன்னும் அப்பப்போ சறுக்கும். கொழம்பு வச்ச அன்னிக்கு மட்டும் ஜாக்கிரதையா இருப்பேன், அடி புடிச்சிருக்கும்.

தெருவுல சொன்னதுதான் பெரிய கூத்து. எதுத்த வீட்டு காந்தா அத்த கேட்டுச்சு, “இன்னாடா இது, மீசையும் கிராப்புமா, நீ இப்ப இன்னா கணக்கு?” இவன் நெஞ்ச நிமித்திக்கினு, “நான் திருநம்பி அத்த”ன்னான். அத்த அப்படியே வாயில கைய வச்சிக்கிச்சு. “அட பாவி, நாம சிவன் கோயிலு வீடாச்சேடா! சின்ன காஞ்சிபுரம் பெருமாளு பக்கம் பூட்டியா? நாமம் போட்டுக்கப் போறியா?” இந்த ஊருல நம்பின்னா பெருமாளுக்கு விசிறி வீசின திருக்கச்சி நம்பிதானக்கா ஞாபகம் வரும்! அது நெனச்சது, பையன் வைஷ்ணவம் சேந்துட்டான்னு. எங்கம்மாவும் அத திருத்தல. நாமம் பரவால்லன்னு தோணியிருக்கும். கொஞ்ச நாளைக்கு அத்த இவன பாக்கறப்பல்லாம் ‘கோவிந்தா’ன்னு சொல்லிக்கினு இருந்துச்சு.

சிரிக்கறீங்களா? சிரிங்க சிரிங்க. நூல மட்டும் இழுக்காதீங்க.

ஆனா ஒண்ணு சொல்றேன், நெஞ்சு விஷயம் வெளையாட்டு இல்ல. எங்கப்பாவோட எதுருக்கு எதுரா உக்காந்து தறி போடணும் அவன். கோர்வைக்கு ரெண்டு ஆளு வேணும், நடு ஒடம்புக்கு நூலு ஓட்ட ஒரு நாடா, கரைக்கு வேற நாடா, ஒருத்தரு தள்ளறத இன்னொருத்தரு வாங்கணும். இவன் நெஞ்சுல க்ரேப் பேண்டேஜ சுத்து சுத்துன்னு சுத்தி, அதும்மேல பனியன், அதும்மேல சட்ட, சித்திர வெயில்ல தறிக் குழியில எறங்கி உக்காருவான். எதுக்குன்னா, நெஞ்சு இருக்கறது வெளிய தெரியக்கூடாது. கழட்டினா முதுகெல்லாம் வரி வரியா செவந்து இருக்கும். வேர்க்குரு வெடிச்சு நீர் வடியும். பவுடரு கொட்டறது நான்தான். ஒரு தடவ தறியிலயே சாஞ்சிட்டான், மூச்சு வாங்க முடியாம. அப்பா தண்ணி தெளிச்சாரு. அதத் தளத்துடான்னு சொல்ல அவருக்கு வாய் வரல, ஃபேன இவன் பக்கம் திருப்பி வச்சாரு. அவ்ளோதான் எங்கப்பா. அன்னிக்குதான் நானே சொன்னேன், “டேய், ஆப்பரேஷன் ஆப்பரேஷன்னு சொல்லிக்கினே இருக்கியே, போய்த் தொலைடா, என்னால பவுடரு கொட்ட முடியல.”

அது நெனச்ச ஒடனே பண்றதில்லக்கா. மனநல டாக்டருங்க பாத்து, பேசி, திருப்பி வரச்சொல்லி, மறுபடி பேசி, அவங்க எழுதிக் குடுத்தாதான் சர்ஜன் தேதியே குடுப்பாரு. இவன் காத்துக்கினு கெடந்தான். நான் ஒரு பரீட்சைக்கு இப்படிக் காத்துக்கினு கெடந்திருந்தா இந்நேரம் உங்க முந்தானைய பிரிச்சிக்கினு உக்காந்திருக்க மாட்டேன்.

சென்னைல பெரியாஸ்பத்திரி. அம்மாவும் நானும் போனோம். ஆப்பரேஷன் முடிஞ்சு நர்ஸம்மா கதவ தொறந்து, “தேவேந்திரனோட அம்மா யாருங்க?”ன்னு கூப்புட்றாங்க. எங்கம்மா உக்காந்த எடத்துல உக்காந்துக்கினு சுத்தி முத்தி பாக்குது, யாரு பெத்த புள்ளையோன்னு! நான் இடுப்புல குத்தினேன். “அய்யய்யோ நான்தான்”னு எழுந்து ஓடுச்சு, செருப்பு ஒண்ணு பெஞ்சுக்கடியிலயே நின்னுடுச்சு.

உள்ள படுத்துக்கினு இருக்கான். ரெண்டு பக்கமும் டியூபு, டியூபு முனையில குட்டிக் குட்டியா பை, அதுல ரத்தத் தண்ணி. நெஞ்ச சுத்தி இறுக்கமா கட்டி இருக்குது. முன்ன அவன் கட்டிக்கினது மாதிரியேதான் இருக்குது பாக்க. மயக்கம் தெளிஞ்சதும் என்னப் பாத்து, “சங்கரி, நல்லா மூச்சு வுட முடியுதுடி”ங்கறான். லூசு. மூச்சு வுட்டா வலிக்குதுன்னு நர்ஸு கிட்ட அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் அழுதிருக்கான். நான் வெளிய போயி டீ குடிச்சேன்.

டாக்டரு தமிழ்லதான் சொன்னாரு. கைய தோளுக்கு மேல ஒசத்தக்கூடாது. பாரம் தூக்கக்கூடாது. தறியில உக்காரக்கூடாது. தையலு நல்லா ஆறணும். அப்போ தறியில யாரு உக்காருவா? ஆங்! இந்த சங்கரிதான் உக்காருவா! தறியே வேணாம்னுதான்கா நான் குச்சு கட்ட வந்தேன். இப்போ காலைல கோர்வைக்கு அப்பா எதுருல, மத்தியானம் இங்க குச்சு, ராத்திரி அவன் தலைக்கு எண்ண தேய்ச்சு வுடணும். கைய ஒசத்தக்கூடாதுல்ல, தொரைக்கு! “கொஞ்சம் எடப்பக்கம் சொறிடி, இன்னும் மேல”ன்னு ஆர்டரு வேற.

வீட்டுக்குக் கூட்டியாந்த மறுநாளு, கொழாயடில காந்தா அத்த எங்கம்மாவ புடிச்சிக்கிச்சு. “இன்னா இந்திராணி, ஆளையே காணோம், ஆஸ்பத்திரின்னாங்க, யாருக்கு இன்னா?” அம்மா இதுக்கு ஒரு பதில் யோசிச்சு வச்சிருக்கணுமா இல்லியா? வைக்கல. கொடம் நெறஞ்சு வழியுது, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க, வாயில வந்தது வந்துடுச்சு. “பெரியதுக்கு ஹெர்னியா.”

ஏன் ஹெர்னியா வந்துச்சு தெரியுமா வாயில? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்கப்பாவுக்கு அதான் ஆப்பரேஷன். வீட்டுல பழக்கமான வியாதி அது ஒண்ணுதான். கேஸுன்னா சிலிண்டரு, ஆஸ்பத்திரின்னா ஹெர்னியா.

ஆனா நல்லா யோசிச்சுப் பாருங்கக்கா. எங்க தெருவுல ஹெர்னியா யாருக்கு வரும்? ஆம்பளைங்களுக்குத்தான் வரும். சாமி தூக்கி வரும், தறிப் பாவு தூக்கி வரும், முக்கி முக்கி குடலு எறங்கி வரும். எங்கம்மா அப்பெண்டிக்ஸ்னு சொல்லியிருக்கலாம். கட்டின்னு சொல்லியிருக்கலாம். பொம்பளைங்களுக்குன்னே எத்தன இருக்குது, அது ஒண்ணும் வாயில வரல. பொய் சொல்ற அவசரத்துல எங்கம்மா புள்ளைய ஆம்பள ஆக்கிடுச்சு. அதுக்கே தெரியாது அது பண்ணினது!

அன்னிக்கு சாயங்காலமே ஆரம்பிச்சாங்க. எங்க தெருவுல ஹெர்னியா ஆப்பரேஷன் பண்ணின ஆம்பளைங்க ஒரு கூட்டமே இருக்குது. அதுக்குத் தலைவரு மாதிரி சிவராஜ் மாமா. ரெண்டு பக்கமும் பண்ணவரு, அதுல அவருக்குக் கொஞ்சம் கர்வம். பப்பாளிப் பழம் தூக்கிக்கினு வந்து, கட்டில்ல உக்காந்து, இவன் தொடைய தட்டிக் குடுத்து, “பயப்படாதடா மாப்ள, நாங்கல்லாம் இல்ல?”ன்னாரு. முக்கக்கூடாது, இருமக்கூடாது, தும்மல் வந்தா தலையணைய வயித்துல அமுக்கிக்கணும்னு பாடம் வேற. தெனம் காலைல வேலைக்குப் போற வழியில ஜன்னலுக்கு வெளிய நின்னுக்கினு தெருவுக்கே கேக்கற மாதிரி, “மாப்ள! வெளிக்கி போனியா?” இவன் போர்வைய இழுத்து மூஞ்சிய மூடிக்குவான். நான், “இன்னும் இல்ல மாமா, ரெண்டு நாளாச்சு”ன்னு கத்துவேன். மறுநாளு இன்னொரு பப்பாளி வரும். எனக்குப் பப்பாளி புடிக்கும்.

எங்கப்பாவுக்குத்தான் கவல. “ஹெர்னியா ஆன ஆளு இப்படி நடக்க மாட்டான்”னாரு. அவரு வாய தொறந்து அவ்ளோ நீளமா பேசி நான் பாத்ததில்ல. எழுந்து நின்னாரு. அடிவயித்துல ஒரு கைய வச்சிக்கினாரு. கால கொஞ்சம் அகட்டி, இடுப்ப லேசா பின்னால வுட்டு, மாடிப்படி வரைக்கும் நடந்து காட்டினாரு. இவன் பின்னாடியே நடக்கறான். “கால அகட்டு. இன்னும். தரைய பாரு. ஒரு தரம் ஸ்ஸுன்னு சொல்லு.” இவன் ‘ஸ்ஸு’. “ரொம்ப சொல்லாத.” அப்பனும் புள்ளையும் தறிக் குழிய சுத்தி சுத்தி ஹெர்னியா நட நடக்கறாங்கக்கா, நான் சிரிச்சு சிரிச்சு பாவுல விழுந்தேன். இவனுக்கும் சிரிப்பு வந்துடுச்சு, சிரிச்சா தையலு வலிக்கும், வலியில அழுதுக்கினே சிரிக்கறான். அப்பா அதக் கூட கவனிக்கல. இன்னொரு சுத்து போறாரு.

அப்படியும் இவன் மறந்து மறந்து நெஞ்சுல கைய வச்சிக்குவான். காந்தா அத்த வுடுமா? “ஹெர்னியான்னா எதுக்கு நெஞ்ச புடிச்சிக்கினு போறான்?” எங்கம்மா, “அது... கேஸு. பப்பாளி ஒத்துக்கல.”

கொஞ்சம் தூக்கிப் புடிங்கக்கா முந்தானைய. ஆங், அப்படியே. பாதி ஆயிடுச்சு. இனிமேதான் கதையே.

எங்க தெருவுல ஒரு முருகன் கோயிலு. சின்னதுதான். ஐப்பசி கந்தசஷ்டில சூரன வதம் பண்ண சாமி வெளிய வரும், தெரு ஆம்பளைங்க தோள்ல தூக்குவாங்க. தூக்கற தண்டுல யாரு எந்த எடம்னு வீட்டுக்கு வீடு பாத்தியத. எங்க வீட்டு எடம் முன்தண்டுல எடதுபக்கம். அப்பா ஹெர்னியா ஆனதுலருந்து பெரியப்பா மகன் உதயகுமாரு அங்க நிக்கறாரு. ‘சும்மா, தற்காலிகமா’ன்னு ஆரம்பிச்சாரு. இப்போ அந்த எடத்துல நின்னு போட்டோ எடுத்து வாட்ஸாப்புல டிபியா வச்சிருக்காரு.

எங்கண்ணனுக்குச் சின்ன வயசுலருந்து அந்த எடத்து மேலதான் கண்ணு. மத்த புள்ளைங்க சூரன் தலைய வெட்டறத பாக்கும். இவன் தூக்கறவங்க தோள பாத்துக்கினு இருப்பான். ஒரு வருஷம் ஓடிப்போயி தண்டுக்கடியில தோள குடுத்துட்டான், பாவாடையோட. எல்லாரும் சிரிச்சு, காது புடிச்சு, பொம்பளைங்க பக்கம் அனுப்பிட்டாங்க. அதச் சொன்னா இப்பவும் அவன் மொகம் மாறும். அதனால நான் சொல்ல மாட்டேன். எனக்கும் கொஞ்சம் மனசாட்சி இருக்குது.

இந்த வருஷம் போயி கேக்கறதுன்னு முடிவு பண்ணிட்டான். இந்த வருஷம் தூக்க முடியாதுன்னு அவனுக்கே தெரியும், ஆனா எடம் தன்னோடதுன்னு சொல்ல வச்சிடணும். இல்லன்னா உதயகுமாரு அண்ணனே அங்க வேரு வுட்டுடுவாரு. கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திக பாத்தான். “சட்டம் இன்னா சொல்லுதுன்னா...” “அடையாள அட்டையில...” “நானும் இந்தத் தெருவுலதான் பொறந்தேன்...” நான் வரதராஜன் மாமா மாதிரி எதுரு கேள்வி கேக்கணும். அவருதான் கோயிலு கமிட்டி. நான் கேட்ட கேள்விக்கு ரெண்டு தடவ கோச்சிக்கினு எழுந்து போயிட்டான்.

போனோம். கோயில்ல கூட்டம் போட்டு உக்காந்திருக்காங்க. இவன் கைய கட்டிக்கினு, தொண்டைய செருமி, “மாமா, சட்டப்படி பாத்தா...”ன்னு ஆரம்பிச்சான். வரதராஜன் மாமா கையக் காட்டி நிறுத்திட்டாரு. “டேய், ஆப்பரேஷன் ஆன ஒடம்புடா உன்னுது! இந்த வருஷம் தண்டு பக்கமே வராத. போயி பெஞ்சுல உக்காரு. அடுத்த வருஷம் உங்கப்பன் எடத்துல நீ நில்லு. உதயா, கேட்டுக்கோ.” அவ்ளோதான்! அடுத்தது வாண வேடிக்கைக்குப் போயிட்டாங்க. சண்டைக்குன்னு இவன் மூணு நாளு சேத்து வச்சதெல்லாம் வாயிலயே நின்னுடுச்சு.

நான் குதிச்சிக்கினு வீட்டுக்கு வந்தேன். அப்பா கடைக்குப் போயி மிச்சரு வாங்கியாந்தாரு. இவன் மட்டும் மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு மாடியில போயி படுத்துட்டான். “இன்னாடா உனக்கு?”ன்னு கேட்டா, “எனக்குக் குடுக்கலடி. ஹெர்னியாவுக்குக் குடுத்தாங்க”ங்கறான்.

கேட்டீங்களாக்கா! எதுக்கோ குடுத்தாங்க, வாங்கிக்கோடான்னேன். எனக்குப் பத்தாவதுல கணக்குல பக்கத்து பெஞ்சு பேப்பர பாத்து எழுதினதுக்குத்தான் பாஸ் போட்டாங்க, நான் திருப்பிக் குடுத்தனா? அம்மாவும் கெஞ்சுச்சு. “தெரிஞ்சா எடத்தப் புடுங்கிப்பாங்க. இல்லன்னா பேசியே சாவடிப்பாங்க. ஒரே ஒரு நாளு. திருநாளு அன்னிக்கு யாரு கேட்டாலும் ஹெர்னியான்னு சொல்லிடு. தையல பத்திப் பேசினா வலிக்குதுன்னு எழுந்து வந்துடு. ஒரு வருஷம் போனா யாருக்கு ஞாபகம் இருக்கப் போவுது?” நியாயமா இல்லியா? நீங்களே சொல்லுங்க. பாத்தீங்களா, நீங்களும் அப்படித்தான் சொல்றீங்க.

நேத்து சாயங்காலம். மண்டபத்துல அந்த பெஞ்சு. தூக்க முடியாதவங்க எல்லாரும் வருஷா வருஷம் அதுலதான் உக்காருவாங்க. ஹெர்னியா, முதுகுவலி, ஹார்ட்ல ஸ்ப்ரிங்கு வச்சவரு, எல்லாரும். தூக்கறவங்கள வுட அவங்க சத்தந்தான் ஜாஸ்தியா இருக்கும். “எடது ஏத்து! பின்தண்டு தூங்குது பாரு!” எல்லாரும் வேட்டி, வெத்து ஒடம்பு, மேல ஒரு துண்டு. நடுவுல இவன் ஒருத்தன் மட்டும் கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட சட்ட. நானும் அம்மாவும் இந்தப் பக்கம் பொம்பளைங்களோட நிக்கறோம். நல்லா தெரியுது, கேக்கவும் கேக்குது.

சாமி இன்னும் கெளம்பல. அலங்காரம் ஆவுது. பொழுது போவணும்ல, கெழவனுங்க ஆரம்பிச்சிட்டாங்க, தையலு பெருமைய. ஒருத்தரு, “என்னுது பழைய காலத்துத் தையலு, ஒரு ஜாண் இருக்கும்.” சிவராஜ் மாமா, “இப்பல்லாம் இன்னா, மூணு ஓட்ட போட்டு முடிச்சுடறான், அதெல்லாம் ஒரு ஆப்பரேஷனா?” உதயகுமாரு அண்ணன் தண்டு பக்கத்துல நின்னுக்கினே காத நீட்டினாரு. சிரிச்சிக்கினே சொல்றாரு, “தேவா, நீயும் காட்டேன். உன்னுது எந்தத் தையலு?”

சிரிச்சாரு, ஆனா கண்ணு சிரிக்கல. அவருக்குச் சந்தேகம். அந்த எடம் போவுதேன்னு வயித்தெரிச்சல் வேற. பெஞ்சு மொத்தமும், “ஆமா மாப்ள, காட்டு, நாங்க பாக்காத தையலா!”

எங்கம்மா இங்கருந்து அடிவயித்த புடிச்சுக் காட்டுது. மொகத்த சுளிச்சு, வலிக்கற மாதிரி. ‘எழுந்து வா’ன்னு கைய ஆட்டுது. அவன் பாத்தான். நல்லாவே பாத்தான். நான் மனசுக்குள்ள, ‘ஸ்ஸுன்னு சொல்லுடா, அப்பா சொல்லிக் குடுத்த மாதிரி ஒரு ஸ்ஸு போதும்டா’ன்னு வேண்டிக்கினேன். முருகனத்தான் வேண்டினேன், எதுருலயே இருந்தாரு.

அவன் பட்டன கழட்ட ஆரம்பிச்சான்.

ஒண்ணொண்ணா. கை இன்னும் சரியா வராதுல்ல, மெதுவாதான் கழட்டணும். சட்டைய எடுத்து மடியில வச்சிக்கினான். ரெண்டு பக்கமும் நெஞ்சுக்குக் கீழ நீளமா கோடு, இன்னும் கருஞ்செவப்பா. பெருசானதுக்கப்புறம் மொத மொதல்ல தெருவே பாக்க அவன் ஒடம்புல காத்து பட்டுது.

“ஹெர்னியா இல்ல மாமா”ன்னான். “நெஞ்சுல ஆப்பரேஷன். எனக்கு வேணாம்னு எடுத்துட்டேன். எடம் இன்னும் எனக்குத்தானா இல்லியான்னு இப்ப சொல்லுங்க.”

உதயகுமாரு அண்ணன் வாய மூட மறந்துட்டாரு. வரதராஜன் மாமா வானத்தப் பாக்கறாரு, அங்க ஒண்ணும் இல்ல. காந்தா அத்த என் காதுல, “அப்போ கேஸு இல்லியாடி?”ங்குது.

சிவராஜ் மாமாதான் இடுப்புலருந்து கண்ணாடிய எடுத்து மாட்டினாரு. குனிஞ்சாரு. எடதுபக்கத்து கோட்ட இந்த முனையிலருந்து அந்த முனை வரைக்கும் பாத்தாரு. அப்புறம் வலதுபக்கம். ரெண்டு பக்கமும் பண்ணவராச்சே, அவருக்குத்தான் தெரியும். நிமிந்தாரு.

“இதுக்கும் பாரம் தூக்கக்கூடாதுதான?”

“ஆமா மாமா.”

“எத்தன மாசம்?”

“இன்னும் ஒரு மாசம்.”

“அப்போ அடுத்த வருஷத்துக்குள்ள ஆறிடும்”னாரு. வரதராஜன் மாமா பக்கம் திரும்பி, “இன்னாப்பா, ஆறிடுமில்ல?” அவரு இன்னும் வானத்தப் பாத்துக்கினே, “ஆறினா சரி”ன்னாரு. மாமா கொஞ்சம் நவுந்து, இவன் சாஞ்சு உக்கார எடம் வுட்டாரு.

தோ, கடைசி முடிச்சு. புடிங்கக்கா. நல்லா இருக்குதா? எடுத்துக்கினு எழுந்திரிக்காதீங்க, இன்னும் இருக்குது. பஸ்ஸு போனா அடுத்தது வரும்.

எங்கம்மாவ பத்தி உங்களுக்குத் தெரியாது. இவன் மாறினதுலருந்து அது இவன எந்தப் பேரு சொல்லியும் கூப்ட்டதில்ல. ‘இந்தா’ன்னும், ‘இங்க பாரு’ன்னும், ‘சோறு ஆறுது’ன்னும்தான். பாத்திரம் தேய்ச்சதே இல்ல, அவ்ளோ உஷாரு. அந்த அம்மா நேத்து, அத்தன பொம்பளைங்க நடுவுல, தலைப்ப இடுப்புல சொருவிக்கினு, காது கிழியற மாதிரி கத்துச்சு பாருங்க.

“டேய் தேவேந்திரா! மழக்காத்து அடிக்குதுடா! நெஞ்சுல சளி கட்டிக்கும்டா! சட்டைய போடுடா மொதல்ல!”

மேளக்காரரு கூட திரும்பிட்டாரு. பெஞ்சு ஓரத்துல இருந்த எங்கப்பா எழுந்து தூண் பின்னாடி போயி நின்னுக்கினாரு. அவனுக்கும் கேட்டுச்சு, கேக்காம இன்னா. அம்மாவ பாத்தான். சிரிச்சான். சட்டைய நாலா மடிச்சு பெஞ்சுல போட்டு, அது மேலயே உக்காந்துக்கினான்.